டெலிபோன் கம்பெனிகளின் எதிர்காலம்



டெலிபோன் கம்பெனிகளின் கதி இனி என்னவாகும் என்பதைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லுகிறோம். நாம் எஞ்சினீயருமல்ல, பெரிய படிப்புப் படித்தவருமல்ல. ஆனால் ரீசார்ஜுக்குப் பணம் கொடுக்கிறவன் கணக்குக் கேட்பதற்குப் பட்டம் எதற்கு?

டேட்டாவின் தேவை வருஷா வருஷம் பெருவெள்ளமாய்ப் பெருகும் என்பது இத்தொழிலில் வேதவாக்காக இருந்து வந்திருக்கிறது. 2000-ல் பிரிட்டிஷ் சர்க்கார் 3ஜி அலைவரிசையை ஏலம் விட்டபோது, இதை நம்பித்தான் கம்பெனிகள் சுமார் 2,250 கோடி பவுனைக் கொட்டின. நம் நாட்டிலும் 2022-ல் நடந்த 5ஜி ஏலம் 1,50,000 கோடி ரூபாய்க்கு மேல் போயிற்று.

ஆனால் கணக்கு என்ன சொல்லுகிறது? எரிக்சன் கம்பெனி வெளியிடும் கணக்குப்படி, உலகத்தில் மொபைல் டேட்டா 2018 கடைசியில் ஒரு வருஷத்துக்கு 88 சதவிகிதம் பெருகிற்று. 2025 துவக்கத்திலோ 19 சதவிகிதந்தான். பெருகுவது நின்றுவிடவில்லை, பெருகும் வேகம் தளர்ந்துவிட்டது.

இதில் ஆச்சரியமென்ன? மனிதனுக்குக் கண் இரண்டு. நாளுக்கு மணி 24. கைபேசியில் தெளிவாய்ப் படம் பார்க்க வினாடிக்கு 5 மெகாபிட் போதும். 500 கொடுத்தால் படம் நூறு மடங்கு அழகாகிவிடுமா? வயிறு நிறைந்தவன் இலையில் மேலும் சோற்றைக் கொட்டினால் பசி வளருமா?

"செயற்கை அறிவு வருகிறது, தேவை மறுபடியும் பொங்கும்" என்கிறார்கள். பொங்கட்டும், பொங்கின பின் அதற்கேற்பக் கட்டட்டும். ஜோசியத்தை நம்பிக் கடன் வாங்கிவிட்டு, அதை ஏழை தலையில் சுமத்துவது என்ன நியாயம்? 2016-ல் ஜியோ வந்தபோது முதல் சில மாதங்கள் டேட்டா இலவசம். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. புது ஆள் கிடைக்காதபோது இருக்கிறவனிடமே அதிகம் பிடுங்குவது எளிதல்லவா?

வளர்ச்சி தளர்ந்தது நமக்குக் கேடல்ல. வேகப் போட்டியில் இறைக்கும் பணத்தை இனி டவரில்லாத மலைக் கிராமத்துக்கும், புயலடித்தால் செத்துப்போகும் லைனுக்கும் செலவிடலாம். குழாய்த் தண்ணீரில் யாரும் வேகத்தை விளம்பரம் செய்வதில்லை; எல்லா வீட்டுக்கும் தவறாமல் வருகிறதா என்பதே கேள்வி. டெலிபோன் தொழிலும் அப்படி ஆகவேண்டும்.

ஆகவே தோழர்களே! 6ஜி என்று தமுக்கடிக்கும்போது, "யாருக்காக? எதற்காக? யார் பணத்தில்?" என்று கேளுங்கள். நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பாமல், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.