எரியாத மிளகாய்க் குழம்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில், மாதர் அரங்கில் ஆற்றிய உரை)



இலக்கியமும் இசையும் முழங்கிய இம்மேடையில் ஒரு குழம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். குழம்புக்கு ஓர் உரையா என்று சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. நம் காலனியின் வீடுகளில் இரவு எட்டு மணிக்கு நிகழ்வதை எண்ணிப் பார்ப்பவர் அங்ஙனம் நகையார்.

நெல்லையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்து, இராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் பிம்ப்ரியிலும் குடியேறிய குடும்பங்கள் நம்முடையவை. தந்தைக்கு நாக்குச் சிவக்கும் காரம் வேண்டும். பாட்டிக்கு வயிற்றுப் புண். மருத்துவர் மிளகாயை விலக்கச் சொல்லியிருக்கிறார். மராட்டிய இல்லத்தில் பிறந்து நம் வீட்டு மருமகளாக வந்த பெண்ணுக்கு, வெல்லமும் கோடா மசாலாவும் இட்ட ஆம்டியே பழகிய சுவை. பூனாவிலேயே பிறந்த பிள்ளைகளோ, "என்சிலாடா வேண்டும்" என்கின்றனர். விளைவு என்ன? ஓர் அடுப்பில் மூன்று பாத்திரங்கள் ஏறுகின்றன; ஒருவர் உண்டு எழுந்தபின் மற்றவர் அமர்கின்றனர்; சமைத்தவள் கடைசியில் தனியே உண்கின்றாள். எல்லோரும் ஒரே வேளையில் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துண்ணும் ஓர் இரவு உணவுக்கு வழி உண்டா என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த பொருள். பிள்ளைகள் கேட்கும் அந்த அயல்நாட்டுப் பண்டத்திலேயே அதற்கு வழி உண்டு என்பது எம் கருத்து.

என்சிலாடா என்பது மெக்சிகோ நாட்டு உணவு. அப்பெயர்க்குப் பொருள் "மிளகாயிடப்பட்டது" என்பதே. மக்காச்சோள மாவினால் தட்டிய மெல்லிய அடையை மிளகாய்ச் சாற்றில் தோய்த்து, உள்ளே ஏதேனும் வைத்துச் சுருட்டி உண்பது அது. எனவே அடையும் உள்ளீடும் எவ்வாறு மாறினும், மிளகாய்ச் சாறு இல்லையேல் அப்பண்டமே இல்லை. 1831-இல் மெக்சிகோவில் அச்சான சமையல் நூலிலேயே அதன் பெயர் காணப்படுகிறது. பழக்கமோ அதனினும் மிகப் பழையது. ஐரோப்பியர் அங்குக் கால் வைப்பதற்கு முன்பே அந்நாட்டு மக்கள் மிளகாயையும் தக்காளியையும் அரைத்துச் சாறு செய்து அடையோடு உண்டனர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காரம் தமிழனின் பிறப்புரிமை என்று நம்முள் சிலர் முழங்குவதுண்டு. மிளகாய் நமக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில், கொணர்ந்தவர் போர்த்துகீசியர். 1510-இல் கோவா அவர்கள் கைக்கு வந்தபின், அக்கரையோரத்தினின்று மிளகாய் உள்நாட்டுக்கு ஏறியது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பினர். பழந்தமிழில் "கறி" என்ற சொல்லுக்கே மிளகு என்று பொருள். யவனர் மரக்கலங்கள் முசிறியில் பொன்னை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றில் உண்டு. பல இல்லங்களில் இன்றும் திதிச் சமையலில் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் இடம் பெறா; மிளகே இடம் பெறும். அந்த ஒரு நாளில் நம் அடுக்களை ஐந்நூறு ஆண்டு பின்னோக்கிச் சென்று விடுகிறது.

பெயரைப் பாருங்கள். மிளகு போல் எரிக்கும் காய் ஆதலின் மிளகாய் என்றோம். மராட்டியர் மிளகை "மிரீ" என்பர், மிளகாயை "மிரச்சி" என்பர். கன்னடர்க்கு மெணசு, மெணசினகாயி. மிளகைத் தேடிக் கடல் கடந்து வேறொரு நிலத்தில் இறங்கிய கொலம்பசின் கூட்டத்தாரும் மிளகின் பெயரையே சிறிது திருத்தி இக்காய்க்குச் சூட்டினர். ஒருவரை ஒருவர் கேளாமலே எல்லோரும் ஒரே வழியில் பெயரிட்டது வியப்பன்றோ!

தஞ்சைக்கும் இப்பூனாவுக்கும் உள்ள உறவை இச்சங்கத்தில் பலமுறை பேசியிருக்கிறோம். பூனாவைச் சாகீராகப் பெற்றிருந்த சாகாஜியின் மகன் வெங்கோஜி. சிவாஜிக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் தஞ்சையைக் கைப்பற்றினார். அவர் மரபினர் 1855 வரை அங்கு இருந்தனர். அவ்வரண்மனையில் ஒரு நாள் ஆம்டிக்கு இடக் கொங்கணத்துக் கொக்கம் இல்லாது போகவே, நம் ஊர்ப் புளியைக் கரைத்து விட்டனர் என்றும், அதுவே சாம்பார் ஆயிற்று என்றும், விருந்தினராக வந்த சம்பாஜியின் பெயரே அதற்கு அமைந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை சுவையானது, சான்று காட்டச் சொன்னால் கதை சொல்வோர் இருமுவர். ஆனால் இரண்டாம் சரபோஜியின் அரண்மனைச் சமையல் முறைகள் மராட்டி மொழியில் எழுதப்பட்டுச் "சரபேந்திர பாக சாஸ்திரம்" என்ற பெயரில் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டது மெய். தஞ்சைச் சமையலை மராட்டியில் எழுதி வைத்த அரண்மனை ஒன்று இருந்தது என்றால், மெக்சிகோக் குழம்பைத் தமிழில் சொல்லும் எம்மைக் குறை கூற யாருக்கும் வாய் வாராது.

இனி அடுக்களைக்குப் போவோம்.

காரத்தைக் குறைப்பது எங்ஙனம்? நம் பெண்டிர் பலர் தண்ணீரை ஊற்றுவர். அல்லது சர்க்கரையைக் கொட்டுவர். முன்னதனால் குழம்பு நீர்த்துப் போகும். பின்னதனால் பாயசத்துக்கும் குழம்புக்கும் நடுவே ஒன்று பிறக்கும். காரம் எங்கே குடியிருக்கிறது என்றறிந்தால் இவ்விரண்டும் வேண்டா. மிளகாயைக் கீறினால் உள்ளே வெண்மையான நரம்பு ஓடுவதைக் காணலாம். எரிக்கும் பொருள் சுரப்பது அந்நரம்பில்தான். விதையில் எரிவு இருப்பது நரம்போடு ஒட்டிக் கிடப்பதனால். விதையை உதறி நரம்பையும் இழுத்தெறிந்து விட்டால், தோலில் நிறமும் மணமும் மிஞ்சும். எரிவின் பெரும் பகுதி போய்விடும்.

காரம் அறுசுவையில் ஒன்று என்று நாம் படித்திருக்கிறோம். இக்கால அறிவியலார் அதனை வேறு விதமாகக் கூறுவர். சூட்டை உணரும் நரம்பு முனையையே மிளகாய் தூண்டுகிறது என்றும், நாக்கு வெந்துவிட்டதாக மூளை ஏமாறுகிறது என்றும் 1997-இல் கண்டறிந்தனர். அவ்வாராய்ச்சியின் தலைவரான டேவிட் ஜூலியசுக்கு 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த எரிபொருள் நீரில் கரையாது. எண்ணெயிலும் நெய்யிலும் கரையும். ஆகவே காரம் தாங்காமல் அழும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பதால் பயன் சிறிது. பாலோ தயிரோ கொடுக்க வேண்டும். நம் பாட்டிமார் தயிர்ச்சோற்றைக் கடைசியில் வைத்தது எவ்வளவு பொருத்தம்!

அடுத்து மிளகாயைத் தேர்வது. குண்டூர் மிளகாயில் நரம்பை எடுத்தாலும் அதன் சீற்றம் முழுதும் அடங்காது. நம் இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் இக்குழம்புக்கு அதுவும் ஆகாது. வேண்டியது கருநாடகத்து ஆவேரி மாவட்டத்துப் பியாட்கி மிளகாய். சுருங்கிய தோல், ஆழ்ந்த சிவப்பு, அடங்கிய காரம். அது 2011-இலேயே குறியீடு பெற்றது. நம் அண்டை வீட்டு மராட்டிய அம்மையார்களைக் கேளுங்கள். கோடையில் ஆண்டு முழுமைக்கும் மசாலா இடிக்கும்போது, நிறத்துக்குப் பியாட்கி, சீற்றத்துக்கு லவங்கி என்று கணக்கு வைத்திருப்பர். மகாத்மா புலே மண்டயியில் இரண்டும் கிடைக்கும். 1880-களில் கட்டி ரே மார்க்கெட்டு என்று பெயரிட்ட அதே அங்காடிதான். (அதனை "மண்டை" என்று ஊருக்கு எழுதும் கடிதத்தில் குறிக்காதீர்கள்; மண்டையில் மிளகாய் வாங்கினோம் என்றால் ஊரார் நம் நலம் பற்றி ஐயுறுவர்.)

ஐவர் உண்ணும் குழம்புக்கு அளவு கூறுவோம். பியாட்கி மிளகாய் 10, நன்கு பழுத்த தக்காளி அரைக் கிலோ, பெரிய வெங்காயம் 1, பூண்டுப் பல் 4, சீரகம் 1 தேக்கரண்டி, கோதுமை மாவு 1 மேசைக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, காய்கறி வெந்த நீர் 2 தம்ளர், உப்பு. தக்காளி புளித்திருந்தால் சுண்டைக்காய் அளவு வெல்லம்.

மிளகாயின் காம்பைக் கிள்ளி, நீளவாக்கில் கீறி, விதையையும் நரம்பையும் நீக்குக. இதைச் செய்யுமுன் விரல்களில் எண்ணெய் தடவிக் கொள்வது நலம். முடிந்தபின் சோப்பினால் கழுவுக. கழுவும் வரையில் கண்ணைத் தொடாதீர்கள், குழந்தையையும் தொடாதீர்கள். பின்பு வெறும் கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு அரை நிமிடம் வாட்டுக. மணம் எழுந்தவுடன் எடுத்துவிட வேண்டும். கருகினால் குழம்பு முழுதும் கசக்கும், எவ்வளவு வெல்லம் இட்டாலும் அக்கசப்புப் போகாது. வாட்டியதைக் கொதிநீரில் 20 நிமிடம் ஊற வைக்க வேண்டும். அதே கல்லில் தக்காளி, வெங்காயம், பூண்டு மூன்றையும் தோல் கருக்கும் வரை சுட்டெடுக்கலாம். மெக்சிகோ மகளிர் இப்படித்தான் சுடுவர். கத்திரிக்காய்த் துவையலுக்கு நாம் சுடுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. சீரகம் சேர்த்து எல்லாவற்றையும் மைய அரைத்து வடிகட்டுக. வடிகட்டுவதைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள்.  திப்பி நாவில் தட்டும்.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கோதுமை மாவை இட்டு, பச்சை வாடை நீங்கி இளம் பொன்னிறம் வரும்வரை வறுக்க வேண்டும். மாவு சேர்ப்பது மெக்சிகோவின் வடக்கே அமெரிக்க எல்லைப்புறத்தில் பரவிய வழக்கம். தென்பகுதியில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. காரம் குறைந்த குழம்புக்கு அது உடல் கொடுப்பதால் நாம் அதனைக் கொண்டோம். அரைத்த விழுதைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறிய பின், காய்கறி நீரை விட்டு, 15 நிமிடம் சிறு தீயில் கொதிக்க விடுக. கரண்டியின் முதுகில் பூசினாற்போல் படிந்தால் பதம் வந்தது. அந்நாட்டார் ஒருவகை நறுமண இலையைக் காயவைத்துத் தூவுவர். நம் தொட்டியில் வளரும் கற்பூரவள்ளி அம்மணத்துக்கு மிக நெருங்கியது. ஓர் இலையை நறுக்கிக் கடைசியில் இட்டால் போதும். இரண்டு இட்டால் இருமல் கஷாயம் நினைவுக்கு வரும்.

மக்காச்சோள அடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கடையில் வாங்கும் சோள மாவில் பாக்ரி தட்டிச் சுருட்டப் பார்த்தால் உடைந்து போகும். மெக்சிகோ மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறப் போட்டு அரைப்பதனால்தான் மாவு பிடித்துக் கொள்கிறது. வெற்றிலைக்கு நாம் தடவும் சுண்ணாம்பும் அச்சுண்ணாம்பும் ஒன்றே. அச்செய்கையினால் சோளத்தில் அடைபட்டுக் கிடக்கும் ஓர் உயிர்ச்சத்தும் உடலுக்குக் கிட்டுகிறது. இதனை அறியாது சோளத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பாவின் ஏழை மக்கள், அதையே உண்டு தோல் நோயால் நலிந்தனர். நாம் அத்தொல்லைக்குப் போகாமல் மெல்லிய சப்பாத்தியையே கொள்வோம். வெந்த ராஜ்மாவை மசித்தோ, உருளைக்கிழங்கும் பன்னீரும் கலந்தோ உள்ளீடு செய்துகொள்ளலாம். சப்பாத்தியைக் குழம்பில் ஒருமுறை தோய்த்தெடுத்து, உள்ளீடு வைத்துச் சுருட்டித் தட்டில் அடுக்கி, மேலே மீதிக் குழம்பை ஊற்றி, நறுக்கிய வெங்காயம் தூவுக. ஊறினால் குழையும், ஆதலின் எல்லோரும் அமர்ந்தபின் தோய்க்கத் தொடங்க வேண்டும். சமைத்தவளும் அமர்ந்த பின் என்று சேர்த்துக் கொள்க. ஒவ்வொருவரும் தம் சப்பாத்தியைத் தாமே தோய்த்துக் கொள்ளக் கூடியவரே.

காரம் வேண்டும் பெரியவர்கள் என் செய்வர் என்ற வினா ஆண்கள் பக்கத்திலிருந்து எழுகிறது. அவர்களுக்கு இவ்வூரிலேயே விடை இருக்கிறது. பச்சை மிளகாயும் பூண்டும் வேர்க்கடலையும் சிறிது எண்ணெயில் வதக்கி உப்பிட்டு இடித்த டேச்சாவை ஒரு சிறு கிண்ணத்தில் தனியே வையுங்கள். வேண்டுவோர் வேண்டுமளவு தொட்டுக் கொள்வர். பாத்திரத்தில் காரத்தை ஏற்றிவிட்டால் பிறகு இறக்க இயலாது. தட்டிலோ எவரும் ஏற்றிக் கொள்ளலாம். வயிற்றுப் புண் உள்ள முதியவர்க்கு மட்டும் மிளகாயைப் பாதியாக்கித் தக்காளியைக் கூட்டுவதற்கு முன், மருத்துவரை ஒரு சொல் கேட்டுக் கொள்ளுதல் முறை. தக்காளியின் புளிப்பும் சிலர்க்கு ஒவ்வாது.

மிகுந்த குழம்பு, ஆறியபின் மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் கெடாது. மறுநாள் இட்டலிக்குத் தொட்டுக் கொள்ளலாம். அதற்குச் சற்றே நல்லெண்ணெய் விட்டுச் சூடாக்குக.