பெருவிரல் ஒப்பரேசனுக்குப் பிறகு பட்டை கட்டுவதா, வேண்டாமா?

(ராகலைப் பகுதித் தோட்டக் குடும்பங்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்டது காலைப் பற்றி. கொழுந்து கிள்ளுவது கைதான். ஆனால் அந்தக் கையை மலைக்குத் தூக்கிக்கொண்டு போவது கால். கையில் முள் குத்தினால் உடனே டிஸ்பென்சரிக்குப் போகிறோம். கால் வருடக்கணக்கில் வலித்தாலும் "மலை ஏறுற கால் வலிக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுகிறோம்.

சிலருக்குக் காலின் பெருவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்துகொண்டே போகும். அதன் அடிமூட்டு மற்றக் காலைப் பார்த்த மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். செருப்பு வார் அதில் உரசிச் சிவக்கும், ராத்திரியில் குத்தும். ஆஸ்பத்திரியில் இதைப் 'பனியன்' என்று சொல்லுவாங்க. உடுத்துகிற பனியன் இல்லை, இங்கிலீஷில் அப்படி ஒரு பேர்! ஆம்பிளைகளைவிடப் பொம்பிளைகளுக்குத்தான் இது அதிகம். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர இடமுண்டு.

சப்பாத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஹொங்கொங்கில் சப்பாத்துப் போடுகிற சீனர்களையும் வெறுங்காலோடு இருந்த சீனர்களையும் ஒப்பிட்டு இரண்டு வைத்தியர்கள் 1958இல் எழுதினார்கள். சப்பாத்துக்காரரில் நூற்றுக்கு 33 பேருக்கு இந்தக் கோணல் இருந்தது. வெறுங்காலில் இருந்தவர்களில் நூற்றுக்கு 2 பேருக்குக்கூட இல்லை. ஆகவே அக்கா போட்டு விட்ட சின்னச் சப்பாத்தைத் தங்கச்சிக்கு மாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பும்போது, விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள்.

இன்னொரு சங்கதி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் பல நூறு வருடத்துக்கு முன் புதைத்த 177 பேரின் எலும்புகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். கூர்மூக்குச் சப்பாத்து மோஸ்தர் வந்த 14, 15ஆம் நூற்றாண்டுக்காரரில் 27 வீதமானோருக்கு இந்தக் கோணல். அதற்கு முந்தியவர்களில் 6 வீதம்தான். கோணல் இருந்த வயதானவர்களுக்கு விழுந்து எலும்பு முறிந்த அடையாளமும் கூடுதலாக இருந்ததாம். சமதரையில் நடந்தவர்களுக்கே அப்படி என்றால், மழையில் வழுக்குகிற மலையில் கூடையோடு இறங்குகிற நம்ம பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்?

இனி ஒப்பரேசன் கதைக்கு வருவோம். புடைப்பு பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக இதைச் செய்வதில்லை. அகலமான செருப்பு, வலி மருந்து எல்லாம் பார்த்தும் நடக்க முடியாத வலி என்றால்தான் எலும்பு டாக்டர் யோசிப்பார். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். புடைப்பைச் சீவி விடுகிற சின்ன வேலை என்று பலர் நினைக்கிறாங்க. பெரும்பாலும் அப்படி இல்லை. பாதத்தின் எலும்பை வெட்டி, நகர்த்தி, நேராக்கி, சின்ன ஆணியோ கம்பியோ போட்டு நிறுத்துவார்கள். அதாவது டாக்டரே கணக்காக முறித்து வைத்த எலும்பு அது. முறிந்த எலும்பு ஒட்ட எவ்வளவு நாள் ஆகும்? ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

பட்டை விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். ஸ்பிளின்ட் என்று பார்மசியில் விற்கிறார்கள். விரலுக்கு இடையில் வைக்கிற மெத்தென்ற துண்டு ஒன்று, ஒட்டுகிற வார் வைத்த துணிப்பட்டை ஒன்று, ராத்திரியில் மாட்டுகிற கெட்டிப் பிளாஸ்டிக் ஒன்று. "ஒப்பரேசன் இல்லாமலே கோணல் நிமிரும்" என்று விளம்பரமும் வருகிறது. பெரியவர்களின் வளைந்த எலும்பை இந்தப் பட்டை நிமிர்த்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. போட்டிருக்கும்போது வலி கொஞ்சம் குறையலாம். கழற்றினால் விரல் பழைய இடத்துக்கே போய்விடும். வலிக்காக வாங்குவதென்றால் வாங்குங்கள், நிமிரும் என்று நம்பிச் சம்பளக் காசைக் கொட்டவேண்டாம்.

ஒப்பரேசனுக்குப் பிறகு கதை வேறு. முதல் இரண்டு கிழமைக்கு ஆஸ்பத்திரியில் சுற்றிவிடுகிற கட்டே ஒரு ஸ்பிளின்ட்தான். விரலை எந்தப் பக்கம் பிடித்து வைக்கவேண்டும் என்று பார்த்துத்தான் அந்தத் துணியைச் சுற்றியிருப்பார்கள். அரிக்குது, அழுக்காயிட்டுது என்று வீட்டில் அவிழ்த்துத் திருப்பிக் கட்டினால் அந்தப் பிடி போய்விடும். தையல் வெட்டிய பிறகு சில டாக்டர்மார் விரலிடைத் துண்டோ ராத்திரிப் பட்டையோ ஆறு கிழமை, மூன்று மாதம் என்று போடச் சொல்லுவாங்க. வேறு டாக்டர்மார் ஒன்றுமே வேண்டாம் என்பாங்க, உள்ளே இருக்கிற ஆணியே எலும்பைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு பேரும் பிழையில்லை. வெட்டின விதம் வேறு, பிடித்து வைக்கிற விதமும் வேறு. ஆகவே பக்கத்து லயத்து அக்காவுக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் காலை வெட்டினவரிடமே கேளுங்கள்: பட்டை வேண்டுமா, எந்த மாதிரி, பகலிலா ராத்திரியிலா, எத்தனை நாளைக்கு?

அவர் சொல்லாமல் கடையில் வாங்கி இழுத்துக் கட்டுவது ஏன் கூடாது என்றால், புதிதாக நேராக்கிய விரலை அளவுக்கு மேல் இழுத்தால் அது மறுபக்கம் சாய்ந்துவிடலாம். அப்புறம் எந்தச் செருப்புக்குள்ளும் அது அடங்காது. சீனி வருத்தம் இருந்து கால் மரத்துப் போனவர்களுக்கு, பட்டை அழுத்திப் புண் வருவதுகூடத் தெரியாது. போடச் சொல்லியிருந்தாலும் நகம் நீலமாகிறதா, விரல் விறைக்கிறதா, தோலில் சிவந்த தடம் விழுகிறதா என்று பாருங்கள். இருந்தால் தளர்த்திவிட்டுக் கிளினிக்கில் சொல்லுங்கள். கெட்டிப் பட்டையோடு நடக்கவும் வேண்டாம். கக்கூசு லயத்துக்கு வெளியே இருக்கிற இடத்தில், ராத்திரியில் அதை மாட்டிக்கொண்டு ஈரப் படியில் இறங்கினால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்லவேண்டியதில்லை. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவது, எண்ணெய் போட்டு இழுத்து உருவுவது, இதற்கெல்லாம் இந்தக் காலைக் கொடுக்காதீங்க.

எங்களைக் கேட்டால், பட்டையைவிடப் பெரிய விஷயம் அந்த முதல் ஆறு கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே, கந்தப்பளை வழியாக வளைவுக்கு வளைவு ஆடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு வரவேண்டாம். யாராவது இடம் கொடுப்பாங்க, வெட்கப்படாமல் கேளுங்கள். முதல் இரண்டு கிழமை காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே, இரண்டு தலையணையில் தூக்கி வைத்துப் படுக்கவேண்டும். தொங்கப்போட்டால் வீங்கும், வீங்கினால் வலிக்கும். குளிப்பதற்குப் பொலித்தீன் பையைக் கட்டுக்கு மேல் சுற்றி, காலை வெளியே நீட்டிக்கொள்ளுங்கள். குளிராக இருக்கிறதே என்று அடுப்புப் பக்கம் காலை நீட்டவேண்டாம், மரத்த தோல் சுடுவது தெரியாது.

நம்ம வீடுகளில் பெரிய கஷ்டம் குந்துவது. குந்தும்போது உடம்புப் பாரம் முழுக்கப் பெருவிரல் மூட்டை மடக்கி அதன் மேல் இறங்கும். புது எலும்பு அதைத் தாங்காது. பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் நடுவை வெட்டிக் கக்கூசில் போட்டுக்கொள்ளுங்கள். அடுப்பு வேலையை ஆறு கிழமைக்கு வேறு யாராவது பார்க்கட்டும். அது மாமியாராக இருந்தாலும் சரி, வீட்டுக்காரராக இருந்தாலும் சரி.

ஆஸ்பத்திரியில் கெட்டி அடியுள்ள சப்பாத்துக் கொடுத்தால் கட்டிலை விட்டு இறங்கும்போதெல்லாம் போடுங்கள். பாரம் குதிகாலில் நிற்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதல், இறங்கும்போது வெட்டின கால் முதல். டாக்டர் சொன்ன நாளிலிருந்து பெருவிரலைக் கையால் பிடித்து மெதுவாக மேலும் கீழும் மடக்கிப் பழகவேண்டும். வலிக்குது என்று இதை விட்டால் மூட்டு விறைத்துப்போய், விரல் நேராக இருந்தும் நடை வராது. சுருட்டு, சிகரெட் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். வெற்றிலையோடு போடுகிற புகையிலையிலும் இருப்பது அதே நிக்கொட்டின்தான். அந்த மூன்று மாதமாவது புகையிலையை ஒதுக்கி வையுங்கள்.

காய்ச்சல், கட்டில் ஊறுகிற சீழ், நாற்றம், கூடிக்கொண்டே போகிற வலி, கெண்டைக்கால் வீங்கி நோவது, இதில் ஒன்று கண்டாலும் அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் உடனே போங்கள். மூச்சு முட்டினால் நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. பாதம் பின்னேரத்தில் கொஞ்சம் வீங்குவது மட்டும் ஆறு மாதம் வரைக்கும், சிலருக்கு ஒரு வருடமும் இருக்கும். அதற்குப் பயப்படவேண்டாம்.

இனி வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் ஆறு கிழமையில் போகலாம். மலை அப்படி இல்லை. கூடையோடு இறக்கத்தில் இறங்கும்போது பாரம் எல்லாம் பாதத்தின் முன்பக்கத்துக்கு வரும், வெட்டின எலும்பும் அங்கேதான் இருக்கிறது. மூன்று மாதமாவது ஆகும். பேர் விழாத மூன்று மாதம் வீட்டுக்கு எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததில்லை. அதனால்தான் மூன்றாம் கிழமையிலேயே கட்டுக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு பிரட்டுக்குப் போய் நிற்கத் தோன்றும். ஒட்டாத எலும்பு அங்கே விலகினால், திரும்பவும் வெட்டி இன்னொரு மூன்று மாதம். ஆகவே ஒப்பரேசனுக்கு நாள் குறிக்கும் முன்பே வீட்டில் கூடிப் பேசுங்கள். எந்த மாதம் கொழுந்து குறைவு, சீட்டுக் காசு எப்போது வரும், தண்ணீர் யார் தூக்குவது என்று பாருங்கள். இரண்டு காலிலும் இருந்தால் ஒன்று முடிந்து மற்றதைச் செய்ய முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். எத்தனை நாள் ஓய்வு, அதன்பின் எத்தனை நாள் இலேசான வேலை என்று துண்டில் எழுதி வாங்கித் தோட்டத்தில் கொடுங்கள். தவறணையில் உட்கார்ந்து பை நிரப்புகிற வேலை இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

நேராக்கிய விரல் பிறகும் சாயலாம், சிலருக்கு அப்படி ஆகியிருக்கிறது. பட்டையைக் காலமெல்லாம் கட்டிக்கொண்டிருந்தால் அது வராது என்பதற்கும் ஆதாரம் இல்லை. முன்பக்கம் அகலமான சப்பாத்தைப் பின்னேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரம் போட்டுப் பார்த்து வாங்குங்கள். கிளினிக்குப் போகும்போது கொப்பியோடு அந்தச் சப்பாத்தையும், பட்டை வாங்கியிருந்தால் அதையும் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள்.