பாஷையும் பயணச் சாமான்தான்

(வெளிநாடு செல்லும் இளம் குடும்பங்களுக்காக நம் அறக்கட்டளை நடத்திய வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

ஜெர்மனிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். விசா கையில் வந்துவிட்ட தம்பிமார் சிலர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முபாரக். ஆனால் இன்று நான் அதிகமாகப் பேசப்போவது அவர்களோடு அல்ல. அவர்களோடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகப்போகிற நம் பெண்மக்களோடும், அவர்களை அனுப்பி வைக்கும் பெற்றோரோடும்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஸபர் நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறியவர்கள். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளியும், சிங்கப்பூரில் 1826-இல் எழுந்த ஜாமிஆ சூலியா பள்ளியும் நம்மவர் கட்டியவை. பிறகு வளைகுடா வந்தது. ஆனால் அந்தப் பயணங்களில் பெரும்பாலும் போனவர் ஆண் மட்டும். மனைவி தாய்வீட்டில் இருந்தாள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் கல்யாணம் ஆனாலும் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். போன இடத்திலும் நம் பாஷை பேசும் கடை, நம் ஆள் நடத்தும் ஹோட்டல், நம் இமாம் ஓதும் பள்ளி காத்திருந்தன.

ஜெர்மனிப் பயணம் அப்படியல்ல. இப்போது குடும்பமாகப் போகிறார்கள். அது நல்ல விஷயம். கணவன் மனைவி பிரிந்து பத்து வருடம், பதினைந்து வருடம் கிடந்த வேதனையை நாம் பார்த்தவர்கள்தானே! ஆனால் தாய்வீட்டை விட்டு நான்கு தெரு தள்ளிக்கூட வாழ்ந்து பழகாத ஒரு பெண்ணை, ஒரு வார்த்தை புரியாத ஊரில், மூன்றாம் மாடி வீட்டில் கொண்டுபோய் வைக்கிறோம். அவளுக்காக நாம் என்ன தயாரித்தோம்?

இதை அடுத்தவரைப் பார்த்துக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நானே தவறியவன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் என் மகள், கணவரோடும் ஒன்றரை வயதுக் குழந்தையோடும் ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு 'புளூ கார்டு' என்னும் வேலை அனுமதி. சில வகைக் குடும்ப விசாக்களுக்கு மனைவி ஜெர்மன் மொழியில் முதல் படித் தேர்வு எழுதிச் சான்றிதழ் காட்ட வேண்டும். புளூ கார்டில் போகிறவரின் மனைவிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. என் மகள் புறப்படுவதற்கு ஐந்து மாதம் முன்பே, "வாப்பா, மூணு மாசம் ஜெர்மன் வகுப்புல சேர்ந்துக்கிறேனே" என்று கேட்டாள். "சட்டமே கேக்கல, கைப்பிள்ளையை வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கும்மா வகுப்பு? நீ வீட்டுலதானே இருக்கப்போறே? இங்கிலீஷ்தான் தெரியுமே" என்று சொல்லிவிட்டேன். அந்த வகுப்புக்கு ஆகியிருக்கும் பணத்தைப் போல இரண்டு மடங்கை வழியனுப்பு விருந்தில் பிரியாணிக்குச் செலவழித்தேன்.

அங்கே மாப்பிள்ளைக்கு அலுவலகத்தில் இங்கிலீஷ் போதுமானதாக இருந்தது. நல்ல பிள்ளை. கடைக்குப் போவது, கடிதம் பார்ப்பது, டாக்டரிடம் நேரம் வாங்குவது எல்லாம் அவரே செய்தார். மனைவி சிரமப்படக் கூடாது என்ற பாசம்தான். மகள் பகல் முழுக்க எங்களோடு வீடியோ காலில் இருந்தாள். இங்கே அவள் உம்மா மீன் கழுவும்போது அங்கே அவளும் சமையல் செய்வாள். எங்களுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. உடம்பு ஸ்டுட்கார்டில், மனசு நம் அடுப்படியில் என்று இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. ஐந்து மாதத்தில் கீழ்வீட்டு அம்மையாருக்கு அவள் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை.

ஜனவரி மாதம். மாப்பிள்ளை வேலை விஷயமாக வேறு நகரத்துக்குப் போயிருந்தார். நம் நேரத்துக்கு அதிகாலை மூன்றரை மணிக்கு என் போன் அடித்தது. அங்கே இரவு பதினொன்று. குழந்தைக்கு அனலாய்க் காய்ச்சல், காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுகிறது, மாப்பிள்ளையின் போன் எடுக்கவில்லை. எந்த எண்ணை அழைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "வாப்பா, நான் என்ன செய்ய?" என்று கேட்கிறாள். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் இருந்து நான் என்ன செய்ய? "கீழ்வீட்டுக் கதவைத் தட்டும்மா" என்றேன்.

தட்டினாள். அந்த அம்மையாருக்கு இங்கிலீஷ் தெரியாது. சைகையில்தான் பேச்சு. ஆனால் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க எந்த பாஷையும் வேண்டாமே. அவரே போன் செய்து, டாக்ஸி வரவழைத்து, கூடவே ஏறிக்கொண்டு இரவு நேர மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். காதில் சீழ் பிடித்திருந்தது. மருந்து கொடுத்தார்கள், குணமாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் மகள் என்னிடம் ஒன்று சொன்னாள்: "வாப்பா, என் பிள்ளைக்கு எங்க வலிக்குதுன்னு சொல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல." அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சகோதரர்களே, இதனால்தான் சொல்கிறேன். வேலை கிடைத்தவனுக்கு அலுவலகம் இருக்கிறது, கூட வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டில் குடும்பம் காலூன்றுவதும் ஊன்றாததும் மனைவியின் நாவைப் பொறுத்தது. சட்டம் அவளிடம் பாஷை கேட்கவில்லை என்பது சலுகைதான். அவளுக்குப் பாஷை தேவையில்லை என்று அதற்குப் பொருள் அல்ல.

மார்க்கம் இதற்குத் தடையா? நபி (ஸல்) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னபோது ஜைத் பின் ஸாபித் (ரலி) சில நாட்களிலேயே கற்றுக்கொண்டார்கள். ஜஃபர் (ரலி), அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) தம்பதி ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் போனார்கள். கிறிஸ்தவ மன்னரின் நாடு, வேறு பாஷை. அவர்களின் மகன் அப்துல்லாஹ் பிறந்ததே அங்கேதான். அஸ்மா (ரலி) அந்த நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு வாழவில்லை. பெண்களின் ஜனாஸாவை மறைவாகச் சுமந்து செல்லும் முறையை அங்கே பார்த்து வந்து, ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு எடுத்துச் சொன்னதாக வரலாறு கூறுகிறது. போன ஊரில் நல்லதைக் கற்பதும், ஈமானைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

துருக்கியரின் அனுபவமும் நமக்குப் பாடம். 1961-இல் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை அழைத்தது. சில வருடத்தில் திரும்பிவிடுவோம் என்று வந்தவர்கள் பலர். அவர்களுக்குப் பாஷை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அரசும் அன்று கவலைப்படவில்லை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு, டாக்டரிடம் தாய்க்காகப் பேசுவது பள்ளிக்கூடம் படிக்கும் பிள்ளையின் வேலையானது. நாடு தழுவிய 'இன்டெக்ரேஷன் கோர்ஸ்' 2005-இல்தான் தொடங்கியது. பொதுவாக 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை அந்நாட்டின் சட்டமும் வாழ்க்கை முறையும். குடும்ப விசாவில் முதன்முறை அனுமதி பெறும் மனைவிக்கு அதில் சேரும் உரிமை உண்டு. நகராட்சிகள் ஆதரிக்கும் 'ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே' என்னும் முதியோர் கல்வி நிலையங்களில் வகுப்பு நடக்கும். சகோதரிகளே, இந்தப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள்.

வீட்டுக்குள் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் அவசியம். அங்கே மதம் எது என்று கேட்பார்கள், பயப்பட வேண்டாம். தேவாலய வரி அந்தச் சபைகளின் உறுப்பினர்களுக்கு மட்டும்தான், நமக்கு இல்லை. தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். கடிதத்தைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். மஞ்சள் உறையில் வந்தால் அன்றே படியுங்கள், அது அதிகாரபூர்வமானது, பெரும்பாலும் பதில் தரக் கெடு இருக்கும்.

வாடகையில் இரண்டு கணக்கு உண்டு. வெறும் வீட்டு வாடகை ஒன்று, வெப்பம், தண்ணீர்ச் செலவு சேர்ந்தது மற்றொன்று. முன்பணமாக வெறும் வாடகையில் மூன்று மாதம் வரை கேட்கலாம். பல வீடுகளில் அடுப்படிச் சாமான்கூட இருக்காது, நாமே வாங்கிப் பொருத்த வேண்டும். இதற்காகக் கிரெடிட் கார்டு வட்டியில் விழுந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

அரசு மருத்துவக் காப்பீட்டில் கணவர் இருந்தால், வருமானம் இல்லாத மனைவியையும் பிள்ளைகளையும் தனிச் சந்தா இல்லாமல் அதில் சேர்க்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112. ஆபத்தில்லை, ஆனால் மறுநாள் வரை பொறுக்க முடியாது என்றால் 116117. இந்த இரண்டு எண்களையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். என் மகள் வீட்டில் அன்று அது இல்லை.

பிள்ளைகளுக்காக அரசு மாதந்தோறும் தரும் பணம் 2025-இல் ஒரு பிள்ளைக்கு 255 யூரோ. ஒரு வயது நிறைந்த பிள்ளைக்கு மழலையர் காப்பகத்தில் இடம் கேட்கும் உரிமை 2013 முதல் உண்டு. 'கீட்டா' என்பார்கள். ஆனால் இடத் தட்டுப்பாடு அதிகம், போனவுடனே எழுதி வையுங்கள். சேர்ந்ததும் முதல் சில வாரம் தாயோ தந்தையோ கூட இருந்து பிள்ளையைப் பழக்குவார்கள். நம் உணவு முறையை அப்போதே சொல்லிவிடுங்கள். பன்றி இறைச்சி மட்டுமல்ல, மிட்டாயில் சேரும் ஜெலட்டினும் ஆகாது என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அதைச் சொல்லவும் தாய்க்கு பாஷை வேண்டும்!

பிள்ளையை அடிப்பதை அந்த நாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டு முதல் தெளிவாகத் தடுத்திருக்கிறது. பள்ளிக்கூடம் கட்டாயம். பள்ளி நாளில் பிள்ளையை நிறுத்தி டிக்கெட் மலிவு என்று ஊருக்கு வர முடியாது, அபராதம் வரும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். அன்றும், இரவு பத்து மணிக்கு மேலும் சத்தம் கூடாது. அண்டை வீட்டாரின் உரிமையை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிசம்பரில் ஸ்டுட்கார்டில் மாலை நாலரைக்கே சூரியன் மறையும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வேலை நேரத்தில் வரும். ஜூனில் மஃரிப் இரவு ஒன்பதரைக்கு, இஷா நள்ளிரவை நெருங்கும். அந்தக் குளிர்கால இருட்டில்தான் பல பெண்களுக்கு மனம் சோர்கிறது. அப்போது, "ஈமான் பலவீனம்" என்று போனில் உபதேசம் செய்யாதீர்கள். வெளியே போய் வரச் சொல்லுங்கள். தாய்மார்களே, மகளோடு பேசுங்கள். ஆனால் அவள் பகல் முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் வகுப்புக்குப் போய்விட்டு வா, பிறகு பேசலாம் என்று சொல்வதும் பாசம்தான்.

என் மகள் அந்த ஏப்ரலில் வகுப்பில் சேர்ந்தாள். பி-ஒன் தேர்வில் முதல் முறை தவறினாள், இரண்டாம் முறை தேறினாள். அந்தத் தேர்வை மாப்பிள்ளையும் எழுதினார். புளூ கார்டு உள்ளவருக்கு நிரந்தர அனுமதி 27 மாதத்தில் என்றால், பி-ஒன் தெரிந்தவருக்கு 21 மாதத்தில். கீழ்வீட்டு அம்மையாருக்குப் பெருநாள் அன்று வட்டலப்பம் போகிறது. அது என்ன, எப்படிச் செய்வது என்று மகளே அவருக்கு விளக்கியிருக்கிறாள்.

கடைசியாக, நம் அறக்கட்டளை நிர்வாகக் குழு எடுத்திருக்கும் முடிவுகள். ஒன்று, குடும்பத்தோடு வெளிநாடு போகக் கடன் கேட்டு வருகிறவர் இனி மனைவியையும் அழைத்து வர வேண்டும், இருவரிடமும் பேசிய பிறகே மனு ஏற்கப்படும். இரண்டு, வீட்டு முன்பணத்துக்கும், மனைவியின் மொழிப் படிப்புக்கும் வட்டியில்லாக் கடன். சென்னைக்குப் போய்ப் படிக்க முடியாதவர்களுக்காகப் பெண்கள் மதரஸாவில் மாலை வகுப்பு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. மூன்று, ஏற்கெனவே அங்கே இருக்கும் நம் குடும்பம் ஒவ்வொன்றும் புதிதாகப் போகும் ஒரு குடும்பத்தை ஓராண்டு பார்த்துக்கொள்ளும். மதீனாவின் அன்ஸார்கள் செய்ததில் ஒரு துளியையாவது நாம் செய்வோம். முதல் பெயராக என் மகள் தன் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.

பயணப் பெட்டியில் முப்பது கிலோவுக்கு மேல் ஏற்ற முடியாது என்று மாசித்தூளையும் ஊறுகாயையும் நிறுத்து நிறுத்து வைக்கிறோம். எடையே இல்லாத ஒரு சாமானை மறந்துவிடுகிறோம். நான் மறந்தேன். நீங்கள் மறக்காதீர்கள்.

போகிற பிள்ளைகளின் ஈமானையும், குடும்பத்தையும், ரிஜ்கையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. அவர்களை அந்த மண்ணில் நல்ல அண்டை வீட்டாராக ஆக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.