வாரத்தில் ஒரு மணி நேரம்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பத்திப் பேசும்மா" என்று செயலாளர் சொன்னார். ஊரில் என்னை "வீடு வீடாப் போய் விளையாட்டுக் காட்டுற டீச்சர்" என்பார்கள். அதில் பாதி உண்மைதான். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் உள்ள சின்னப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போவேன். பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பதைவிட, வளர்ப்பவர்களுக்குக் கற்றுக் கொடுப்பதுதான் என் முக்கிய வேலை. எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது, எப்படி ஊட்டுவது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று எல்லாம் அதில் வரும்.

ஏன் வீட்டுக்கே போக வேண்டும்? சின்னக் கணக்குதான். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் நான் இருப்பது ஒரு மணி நேரம். மீதி 167 மணி நேரமும் பிள்ளை வீட்டாரிடம்தான் இருக்கிறது. இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்துத்தான் வேலைக்கு வந்தேன். ஆனால் அது மனசில் பதிந்தது ஒரு கிழவியால்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். முந்தல் பக்கம் ஒரு வீடு. மூன்று வயதுப் பையன். மூளை முடக்குவாதம், கால் இரண்டும் கத்தரி போலப் பின்னிக்கொள்ளும், உட்கார வராது. அவன் அம்மா ஏலத்தோட்டத்துக் கூலி. நம் ஊரில் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் ஜீப், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள், அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை. திரும்ப வர இருட்டிவிடும்.

அந்த அம்மாவிடம் ஏழு பயிற்சிகள் எழுதிய தாளைக் கொடுத்தேன். காலையும் மாலையும் செய்துவிட்டு நோட்டில் டிக் போடச் சொன்னேன். நாலு வாரம் கழித்துப் பார்த்தால் நோட்டு நிறைய டிக், பையன் இருந்தபடியே இருக்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவங்க நீங்களே ஏமாத்தினா எப்படி?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டது. பதில் இல்லை.

மூலையில் இருந்த அப்பத்தாதான் பேசினாள். "டீச்சரு, அவ வந்து அடுப்புப் பத்தவைக்கவே ஏழு மணி ஆயிருது. புள்ள அதுக்குள்ள தூங்கிருது. நீ வையுவேன்னு பயந்து டிக் போட்டா. நீ வார அன்னைக்கு அவளுக்குக் கூலியும் கெடையாது, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. நாலு வாரமாக நான் போன ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த வீட்டுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். அதற்கு மேல் என் ஏச்சு வேறு. பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அப்பத்தா. அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். போகிற நாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "பாட்டி, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இவனுக்கு என்னென்ன செய்வீங்க?" என்று கேட்டேன். பயிற்சி எல்லாம் அந்தப் பதிலுக்குள்ளேயே இருந்தது.

நாளெல்லாம் சேலைத் தொட்டிலில் கிடந்தவனை, சுவர் மூலையில் சாய்த்து, கால்களை விரித்து, நடுவில் சுருட்டிய பழைய சேலையை வைத்து உட்கார வைத்தோம். படுக்க வைத்துப் புகட்டினால் புரையேறும். அதனால் நிமிர்த்தி வைத்து, தாடை கொஞ்சம் தாழ்ந்திருக்க, எதிரில் உட்கார்ந்து ஊட்டச் சொன்னேன். குளிப்பாட்டும்போது காலை வெடுக்கென்று இழுக்காமல், மெதுவாக மடக்கிப் பிரிப்பது. விளையாட இரண்டு கொட்டாங்குச்சி. (ஏலக்காய், புளியங்கொட்டை வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வான்.) அம்மாவுக்கு ஒரே ஒரு வேலை: ராத்திரி அவனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அவன் ஒரு சத்தம் கொடுத்தால் அதே சத்தத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த சத்தத்துக்குக் காத்திருப்பது.

அவன் எழுந்து ஓடினான் என்று சொன்னால் அது பொய். இன்றுவரை அவன் தனியாக நடக்கவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்குள் மூலையில் சாய்ந்து உட்கார்ந்தான், தன் கையால் சோறு அள்ளினான், "அத்தா" என்று அப்பத்தாவைக் கூப்பிட்டான். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. ஜமைக்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-ல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அதில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம் போனார்கள். வீட்டில் கிடைக்கும் பொருளில் விளையாட்டுச் சாமான் செய்து, பிள்ளையோடு விளையாடத் தாய்க்குக் கற்றுத் தந்தார்கள். இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு, மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி தந்தார்கள். பெற்றவர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, எது நன்றாக அமைந்தது என்று அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். பிள்ளைகள் தாமாகவே பேச்சைத் தொடங்குவது கூடியது என்று 2016-ல் முடிவு வெளியானது.

அவ்வளவு தூரம் போவானேன்? தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், தண்டுவடம் பாதிக்கப்பட்ட எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து இப்படி வீடுகளுக்கு அனுப்புகிறது. பின்னால் இருந்து நிபுணர்கள் வழிகாட்டுகிறார்கள். சட்டமும் துணைக்கு இருக்கிறது. கடுமையான குறைபாடுள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் தந்திருக்கிறது.

தம்பி தங்கைகளே, உங்களில் யாராவது இந்த வேலைக்கு வந்தால் மூன்று விஷயம் ஞாபகம் வையுங்கள். வீட்டுக்குள் போனதும் முதலில் அவர்கள் பொழுது எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அவர்கள் ஏற்கெனவே சரியாகச் செய்யும் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். திரும்பும்போது ஏழு வேலை வைத்துவிட்டு வராதீர்கள், ஒன்று போதும்.

மூத்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கத்தில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், ஏல வியாபாரம் செய்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் வேலை பார்க்கும் பெண்களில் இப்படிப் பிள்ளை உள்ளவர் யார் என்று விசாரியுங்கள். பயிற்சிக்காக அவர் மாதம் ஒரு நாள் நின்றால் அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். நன்கொடை ரசீது கிடைக்காது. ஆனால் ஒரு தாய் பொய்யாக டிக் போட வேண்டியிருக்காது.