முதுமைக்கும் முடிவுரிமை உண்டு

(முதியோர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



முதியோர் நலம் என்றவுடன் நாம் உணவையும் மருந்தையும் பற்றியே பேசுகின்றோம். மனத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அம்மனத்தின் நலமோ, தன் வாழ்வைப் பற்றிய முடிவைத் தானே செய்யும் உரிமையிற் பெரிதும் தங்கியிருக்கின்றது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லமொன்றில் எலன் லாங்கர், யூடித் றொடின் என்னும் உளவியலறிஞர் இருவர் நடத்திய ஆய்வு 1976இல் வெளிவந்தது. ஒரு மாடியில் வாழ்ந்தோரிடம், உங்கள் அறையும் பொழுதும் உங்கள் பொறுப்பே என்று சொல்லப்பட்டது. தாமே நீரூற்றி வளர்க்க ஒரு செடியும் தரப்பட்டது. மற்றொரு மாடியினரிடம், உங்களுக்கு வேண்டியவற்றை ஊழியரே கவனிப்பர் என்று சொல்லப்பட்டது. செடிக்கும் ஊழியரே நீரூற்றினர். மூன்று வாரங்களின் பின் முதற்சாராரிற் பெரும்பாலோர் ஊக்கமும் மகிழ்ச்சியும் பெற்றிருந்தனர். மற்றையோரிற் பெரும்பாலோர் தளர்ந்திருந்தனர். ஆய்வு சிறியதே, அது எழுப்பும் கேள்வி பெரிது.

முதுமையில் அறிவு மங்கிவிடும் என்பது முழு உண்மையன்று. புதியதைப் பற்றிக்கொள்ளும் வேகம் குறையும். சொல்வளமும் அநுபவத்தாற் பெற்ற அறிவும் நெடுங்காலம் நிலைக்கும். ஆகவே முதியவருக்கு வேண்டுவது அவகாசமேயன்றி, அவருக்காக முடிவுசெய்யும் வேறோர் ஆளன்று. மறதிநோயுற்றோருக்குத் துணை வேண்டும். அப்பொழுதும் அவர் விருப்பத்தைக் கேட்டறிவது நம் கடமை.

நம் ஊர்களில் நடப்பது என்ன? போரும் புலப்பெயர்வும் பிள்ளைகளைக் கடல் கடக்கச் செய்தன. காணியை விற்பதா, வீட்டைப் பூட்டிக் கொழும்புக்குப் போவதா என்பன தொலைபேசியிலேயே முடிவாகின்றன. அவ்வீட்டில் வாழும் தாய்க்குச் செய்தி மட்டுமே வந்து சேருகின்றது. அன்பினாற் செய்கின்றோம் என்பர். அன்பு மெய்யே, ஆனால், கேளாத அன்பு காவலாக மாறிவிடும் அன்றோ?

பெற்றோரே! நன்கொடை உறுதி முடிக்குமுன் அதனைத் தமிழில் வாசித்து விளக்குமாறு நொத்தாரிசைக் கேளுங்கள். சீவிய உரித்தை வைத்துக்கொண்டும் உறுதி எழுதலாம் என்பதை மறவாதீர்கள். பிள்ளைகள் பராமரிக்காதவிடத்து முறையிடுவதற்கு, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வழி வகுத்திருக்கின்றது. உரிமையைக் கேட்பது பிள்ளைகளைப் பகைப்பதாகாது.

அரசுக்கும் ஒரு சொல். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாக்கப்பட்டது. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம், தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. ஆயினும் தமிழருக்குச் சிங்களத்திலே கடிதம் அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. தான் வாசிக்க இயலாத தாளிற் கையொப்பமிடும் முதியவர், தாமே முடிவு செய்தவர் ஆவாரா? மொழியுரிமை மேடைப் பொருள் மட்டுமன்று. அது ஒரு முதியவளின் மன அமைதியுமாகும்.

அன்பர்களே! நாம் கேட்பது சலுகையன்று. வீட்டிலே ஒரு கேள்வி: "அம்மா, உங்கள் விருப்பம் என்ன?" அலுவலகத்திலே அதே கேள்வி, அவள் அறிந்த தமிழிலே. விடை வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். இம்மூன்றையும் இன்றே தொடங்குவோம்!