ஒரு சிறு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள்

(பழைய மாணவர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இப்பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் யார் யார், எங்கெங்கே, எந்தெந்த உத்தியோகத்திலிருக்கிறார்கள் என்று உங்கள் காரியதரிசி ஒரு ஜாபிதா வாசித்தார். கேட்கச் சந்தோஷமாகத்தானிருந்தது. வாசித்து முடிந்ததும் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "எல்லாம் அவனவன் தலையெழுத்து" என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் என் காதில் விழுந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. நான் பேச வந்த விஷயத்துக்கு அவரே பீடிகை போட்டுக் கொடுத்துவிட்டார். தலையில் எழுதுகிறவன் யார் என்பதுதான் நான் பேச வந்தது. அதற்காக அமெரிக்காவில் நியூயார்க் பட்டணத்திலிருந்த இன்னொரு சிறு பள்ளிக்கூடத்தின் ஜாபிதாவை உங்கள் முன் வைக்கிறேன்.

1785-ல் அந்தப் பட்டணத்தில் அடிமை விடுதலைச் சங்கம் என்று ஒன்று ஏற்பட்டது. பெரிய மனிதர்கள் கூடிய சங்கம். அதன் அங்கத்தினர் சிலர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள் என்றால் சங்கத்தின் வேகம் எவ்வளவென்று நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். என்றாலும் அவர்கள் 1787-ல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கறுப்புப் பிள்ளைகளுக்கென்று ஓர் அறையில் சுமார் 40 பிள்ளைகளோடு ஆப்பிரிக்க இலவசப் பள்ளி என்பதை ஆரம்பித்தார்கள். அந்த மாகாணத்தில் அடிமைத்தனம் சட்டப்படி அடியோடு ஒழிந்தது 1827-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதிதான். ஆகையால் அங்கே படித்த பிள்ளைகளில் பலர் அடிமைகளின் பிள்ளைகள். சிலர் தாங்களே அடிமைகள்.

1819-ல் படிப்பை முடித்த ஒரு பையன் அந்தப் பள்ளியில் பேசிய பேச்சு அச்சாகியிருக்கிறது. நன்றாகப் படித்துவிட்டேன், இனி என்ன செய்வேன் என்று கேட்கிறான். கைத்தொழிலுக்குப் போனால் எந்த முதலாளியும் சேர்த்துக் கொள்ளமாட்டான், வெள்ளைப் பையன்கள் கூட நின்று வேலை செய்யமாட்டார்கள். வியாபாரிக் கடையில் கணக்கெழுதப் போனாலும் இதே கதி என்கிறான். அவன் கணக்கில் கெட்டிக்காரன், எழுத்தில் கெட்டிக்காரன், வேலைதான் இல்லை. பெரியவர் சொன்ன தலையெழுத்து இங்கே வந்துவிட்டதல்லவா? ஆனால் எழுதினவன் பிரமனல்ல. பட்டறை முதலாளியும் கடைக்கார முதலாளியும். பேனாவும் மையும் அவர்களுடையவை.

அப்படி வேலை கிடைக்காமல் கப்பலுக்குக் கூலியாகப் போனவர்களும், பிறர் வீட்டில் எச்சில் தட்டு எடுக்கப் போனவர்களும் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்களே. உங்கள் காரியதரிசியும் தறிக்குப் போனவர், வண்டி ஓட்டப் போனவர் பெயர்களை அடுத்த தடவை சேர்த்து வாசிக்கட்டும்.

நிற்க, உபாத்தியாயர் விஷயம். ஆண்ட்ரூஸ் என்ற வெள்ளைக்காரர் 1809 முதல் அங்கே போதித்தார். திறமைசாலி. 1830-ல் அந்தப் பள்ளியின் சரித்திரத்தை எழுதிப் புத்தகமாக்கினார். அதன் முகப்பிலுள்ள பள்ளிக்கூடப் படத்தை வரைந்தவன் பேட்ரிக் ரீசன் என்ற 13 வயது மாணவன். இவ்வளவும் சரி. ஆனால் இந்த உபாத்தியாயர், கறுப்பர்களையெல்லாம் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடவேண்டும் என்ற கட்சியோடு சேர்ந்துகொண்டார். கறுப்பர் ஒருவரைக் "கனவான்" என்று சொன்ன மாணவனை இவர் பிரம்பால் அடித்தார் என்றும் சொல்லப்படுகிறது. நம் பாஷையில் சொல்வதானால், "அவர் வந்திருக்கிறார்" என்றதற்கு அடி. "அவன்" என்றிருந்தால் தப்பியிருப்பான். பெற்றோர்கள் என்ன செய்தார்கள்? இலவசமாய்ச் சொல்லிக்கொடுக்கிற புண்ணியவான் என்று கும்பிட்டுக் கொண்டிருக்கவில்லை. 1832-ல் அவரை வெளியேற்ற வைத்தார்கள். கறுப்பு உபாத்தியாயர்கள் வந்தார்கள். பின்பு அப்பள்ளிகள் பட்டணத்துப் பொதுப் பள்ளிகளோடு சேர்ந்தபோது, பள்ளிகள் ஏழாகவும் பிள்ளைகள் 1,000-க்கு மேலாகவும் பெருகியிருந்தன.

இனி ஜாபிதா. ஐரா ஆல்ட்ரிட்ஜ் நடிகரானார். சொந்த தேசத்தில் மேடை கிடைக்காமல் இங்கிலாந்துக்குப் போய், 1833-ல் லண்டன் காவெண்ட் கார்டனில் ஒத்தெல்லோவாக நடித்தார். ரஷ்யா வரை போய் நடித்துப் பேரெடுத்தார். பேட்ரிக்கின் சகோதரர் சார்லஸ் ரீசன் 1849-ல் வெள்ளைப் பிள்ளைகளும் படித்த கல்லூரியில் பேராசிரியரானார். அமெரிக்காவில் அவ்விதம் நியமனம் பெற்ற முதல் கறுப்பர் இவர்தான்.

ஹென்றி ஹைலண்டு கார்னெட் மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்து, 1824-ல் குடும்பத்தோடு தப்பியோடி வந்தவர். அவரும் படிப்புக்கிடையில் கப்பல் வேலைக்குப் போனார். 1829-ல் திரும்பி வந்து பார்த்தால், அடிமை பிடிக்கிறவர்கள் வீட்டில் நுழைந்து, குடும்பம் திக்குக்கு ஒருவராய்ச் சிதறியிருந்தது. 1835-ல் அவரும் பள்ளித் தோழர் அலெக்சாண்டர் கிரம்மலும் மேற்கொண்டு படிக்க நியூஹாம்ப்ஷயரிலுள்ள கானன் என்ற ஊருக்குப் போனார்கள். அவ்வூர் வெள்ளையர் கும்பலாய்க் கூடி, காளைகளைப் பூட்டிப் பள்ளிக்கூடக் கட்டடத்தையே பெயர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். மாட்டுக்குத் தெரியுமா யார் படிக்கிறார்கள் என்று! அதே கார்னெட் 1865 பிப்ரவரி 12-ந் தேதி அமெரிக்கப் பிரதிநிதி சபை மண்டபத்தில் நின்று பிரசங்கம் செய்தார். அம்மண்டபத்தில் பேசிய முதல் கறுப்பர் அவரே. (இவரும் கிரம்மலும் பாதிரிமார்கள். அந்தச் சரக்கை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.)

கிரம்மல் பையனாயிருந்தபோது அடிமை ஒழிப்புச் சங்க ஆபீசில் எடுபிடி வேலை பார்த்தார். கால்ஹூன் என்ற பெரிய அரசியல்வாதி, கிரேக்க இலக்கணம் தெரிந்த நீக்ரோ ஒருவனைக் காட்டினால் அவனும் மனிதன்தான் என்று நம்புவேன் என்று விருந்தில் சொன்னதாக அங்கே பேசிக்கொண்டதைக் கேட்டதாய்க் கிரம்மலே பின்னால் சொல்லியிருக்கிறார். கால்ஹூனின் தெற்கு மாகாணங்களில் அடிமைக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பதே குற்றமென்று சட்டங்களிருந்தன. கதவைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கிற யோக்கியதை! நிறத்துக்காகச் சொந்த தேசத்து வேதக் கல்லூரி தள்ளிவிட்ட கிரம்மல், இங்கிலாந்துக்குப் போய்க் கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் படித்து 1853-ல் பட்டம் பெற்றார்.

இதே கால்ஹூன் 1844-ல் வெளிநாட்டு மந்திரியானபோது இன்னொரு ஆயுதமெடுத்தார். 1840-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி, சுதந்திரமாயிருக்கும் வடக்குக் கறுப்பரில் பைத்தியம் அதிகம், தெற்கு அடிமைகளில் குறைவு; ஆகவே அடிமைத்தனமே அவர்களுக்கு நல்லது என்றார். இதை எதிர்த்தவர்களில் ஒருவர் அந்தப் பள்ளியின் மாணவரான ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித். 1824-ல் பிரெஞ்சு தளகர்த்தர் லபாயெத் பள்ளியைப் பார்க்க வந்தபோது, 11 வயதில் வரவேற்புரை சொன்ன பிள்ளை இவர். அப்போது சட்டப்படி அடிமை. அமெரிக்க வைத்தியக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளாததால் ஸ்காத்லாந்து போய், கிளாஸ்கோவில் 1837-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கறுப்பரில் முதல் பட்டதாரி வைத்தியர். மண்டையோட்டை அளந்து அறிவைச் சொல்லும் "சாஸ்திர"த்தை மேடையேறிக் கண்டித்தவர்.

ஸ்மித் கோபப்பட்டுக் கூச்சல் போடவில்லை. கணக்கை எடுத்துப் பார்த்தார். ஜார்விஸ் என்ற வெள்ளை வைத்தியரும் பார்த்தார். மெய்ன் மாகாணத்தில் சில ஊர்களில் ஒரு கறுப்பர்கூட இல்லை, ஆனால் கறுப்புப் பைத்தியங்கள் இருப்பதாகக் கணக்கு! உஸ்டர் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்த 133 வெள்ளைப் பைத்தியங்களைக் கறுப்பர் என்று பதிந்திருந்தார்கள். ஆளே இல்லாத ஊரில் பைத்தியம் பிடிக்க வைப்பது பிரமனாலும் ஆகாத காரியம். இவ்வளவு வெளியான பிறகும் சர்க்கார் அந்தக் கணக்கைத் திருத்தவேயில்லை.

ஸ்மித் சுமார் 20 வருஷம் கறுப்பு அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்கு வைத்தியராயிருந்தார். 1863 ஜூலைக் கலகத்தில் அவ்விடுதியை வெள்ளைக் கும்பல் கொளுத்தியது. 233 பிள்ளைகளும் உயிர் தப்பினார்கள்.

பெண்களும் அப்பள்ளியில் படித்தார்கள், தையலும் கற்றார்கள். ஆனால் நான் வாசித்த ஜாபிதாவில் ஒரு பெண் பெயரில்லை. அவர்களுக்குப் பூட்டு இரண்டு.

ஸ்மித் 1865 நவம்பரில் இறந்தார். தேசம் முழுவதும் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டத் திருத்தம் அடுத்த மாதம் உறுதியாயிற்று. 1847-ல் அவரை அங்கத்தினராக ஏற்காத நியூயார்க் வைத்தியக் கழகம் 2018-ல் அந்தப் பதவியை அவர் பெயருக்குக் கொடுத்தது. கிளாஸ்கோ சர்வகலாசாலை 2021-ல் திறந்த ஒரு பெரிய படிப்புக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறது. நேரமாகிவிட்டது, தோழர்களே, பெரியவருக்கு மறுப்பிருந்தால் அவரும் மேடைக்கு வந்து சொல்லலாம் என்று கேட்டுக்கொண்டு உட்காருகிறேன்.