பரல்வழியும் உருளியும்



ஆற்றுப்படை என்றவுடன் பரிசில் நினைவுக்கு வருவதே வழக்கமாகிவிட்டது. பரிசு பெற்று மீளும் கலைஞன் வறுமையில் வாடும் மற்றொரு கலைஞனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது என்று வகுப்பறையில் ஒரு தொடரில் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் 'ஆறு' என்ற சொல்லின் பொருள் வழி என்பதாகும். வள்ளல் வழியின் முடிவில்தான் இருக்கிறான். அதுவரை கல்லும் முள்ளும் மேடும் பள்ளமுமே இருக்கின்றன. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளாக அமைந்திருப்பது வள்ளல்களின் பெருமையை மட்டும் காட்டுவதன்று; வழியைச் சொல்லத் தெரிந்த ஒரு புலமை மரபு இங்கே இருந்தது என்பதையும் காட்டுவதாகும்.

583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாத்தை இந்த நோக்கில் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். செங்கண்மாத்து நன்னனிடம் செல்லும் கூத்தருக்குப் பெருங்கௌசிகனார் சொல்வன யாவை? கால் வழுக்கும் பாறை எங்கே, மறைந்திருக்கும் குழி எங்கே, தினைப்புனம் காப்போர் கவணில் எறியும் கல் எத்திசையிலிருந்து வரும் என்பனவே. அவற்றுள் ஓர் அறிவுரை மறக்க இயலாதது. வழிகள் பலவாகப் பிரியும் இடத்தில், பின்னால் வருவோர் அறியும்பொருட்டுப் புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுங்கள் என்கிறார். வழி பிரியும் இடத்திற்குப் பழந்தமிழில் 'கவலை' என்று பெயர். மனத்தின் கவலையும் கால்வழியின் கவலையும் ஒரே சொல்லாக இருப்பதை அகராதி எழுதுவோர் இரண்டு எண்ணிட்டுப் பிரித்துவிடலாம். வழி தெரியாமல் நின்றவருக்கு அவை இரண்டல்ல.

இந்த அறிவு காலில் பெற்றதாகும். உடன் செல்லும் விறலியின் சிறிய அடிகள் கல்லில் பட்டு நொந்து, ஓடி இளைத்த நாயின் நாவைப் போலிருந்தன என்று கூறும் உவமையைச் சில உரையாசிரியர்கள் அழகு கருதி விளக்கிச் செல்கின்றனர். அதில் அழகைவிட வலி மிகுதி. நிலத்தின் கடுமையை அளக்க அப்புலவரிடம் இருந்த கருவி ஒரு பெண்ணின் பாதம்.

பெரும்பாணாற்றுப்படைக்கு வந்தால் பாதத்துடன் சக்கரமும் சேர்கிறது. தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் உமணரின் உப்பு வண்டிகள் செல்கின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் வண்டி சென்றது என்று சொல்லி நகரவில்லை. முழவு போன்ற குடம், அதில் செருகிய ஆர்க்கால், அவற்றைச் சூழ்ந்த வட்டை என்று உருளியை உறுப்பு உறுப்பாகக் கழற்றிக் காட்டுகிறார். வண்டியை ஓட்டுபவளும் ஒரு பெண்ணே. தொண்டை நாட்டுப் பாட்டு ஒன்றில் உருளிக்கு இத்தனை அடிகள் கிடைத்தன. அதே தொண்டை நாட்டில், அம்பத்தூரில், 1949ஆம் ஆண்டு முருகப்பா குழுமத்தினர் ஆங்கில நிறுவனத்துடன் கூடி டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையை நிறுவினர். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்களில் எண்ணற்ற மிதிவண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. அந்த உருளிக்கு இத்தனை அடிகள் கிடைத்தனவா என்பது இந்த அவையிலுள்ள கவிஞர்களிடம் கேட்கத்தக்க கேள்வி. மிதிவண்டி என்றும், ஈருருளி என்றும், ஈழத்தில் துவிச்சக்கர வண்டி என்றும் பெயர் சூட்டுவதில் காட்டிய ஆர்வத்தைப் பாட்டில் காட்டியதாகத் தெரியவில்லை. புதுக்கவிதையில் சாலை பெரும்பாலும் பேருந்துச் சாளரத்திற்கு வெளியே பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது.

மேலை நாடுகளில் அண்மைக் காலத்தில் 'சரளை மிதிவண்டி' என ஒருவகை பரவியிருக்கிறது. தாரிடாத பாதைகளில், பண்ணைகளின் நடுவே, காட்டோரங்களில் செல்வதற்கென அமைந்தது அது. பந்தய வண்டியின் டயரைவிட அகன்ற டயர். அதில் காற்றின் அழுத்தமும் குறைவு. கல்லின்மேல் ஏறும்போது டயர் சற்று நசுங்கிக் கல்லுக்கு இடம் தருகிறது. அதனால் சக்கரம் துள்ளுவதில்லை, மிதித்த ஆற்றல் அதிர்வாக வீணாவதும் குறைகிறது. இத்தகைய டயரின் அகலம் பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை. இங்கே ஓர் உண்மையை நினைவூட்ட வேண்டும். பூந்தமல்லியிலும் திருமழிசையிலும் பால்காரர்கள் இருபுறமும் பால்கேன் தொங்க ஓட்டிச் சென்ற கறுப்பு மிதிவண்டியின் டயர் 28க்கு ஒன்றரை அங்குலம். ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீட்டர். புதுமை எனப் பேசப்படும் அந்த அகலம் ஏரிக்கரைச் சரளையில் பால் சிந்தாமல் முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

ஆயினும் பிரெஞ்சு நாட்டுப்புறத்திற்கு அந்தப் பால்காரரின் வண்டி போதாது. அங்கே ஷாம்பேன் பகுதியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சுண்ணாம்புக் கல் பரவிய வெண்ணிறப் பாதைகள் செல்கின்றன. பெரிய மலைகள் இல்லை. அலைபோல் எழுந்து தாழும் மென்குன்றுகள். கண்ணுக்கு இனிமையாகத் தோன்றும் அந்த ஏற்ற இறக்கம் காலுக்கு இனிமையானதன்று. ஒரு குன்றை ஏறி முடித்து மூச்சு வாங்குமுன் அடுத்த குன்று தொடங்கிவிடும். புகழ்பெற்ற தூர் தெ பிரான்ஸ் போட்டியில் அந்த வெண்பாதைகளில் முதலில் பெண்களே 2022இல் சென்றனர். 2024இல் ஆடவர் போட்டியின் ஒன்பதாம் நாளில் 32 கிலோமீட்டர் அளவுக்கு அத்தகைய பாதைகள் இடம்பெற்றன. இந்த ஏற்றங்களுக்காகவே கியர் வேண்டும் என்று ஓயாது வாதாடியவர் செயின்ட் எத்தியேன் நகரைச் சேர்ந்த போல் தெ விவி. 1853இல் பிறந்த அவர், 1887இல் ஓர் இதழைத் தொடங்கி, தாம் சென்ற வழிகளையும் ஏற்றங்களையும் எழுதிவந்தார். பிரெஞ்சு மொழியின் ஆற்றுப்படைகாரர் என்று அவரைச் சொல்லலாம். அவர் 1930இல் மறைந்தார். அப்போட்டியிலோ 1937 வரை கியர் மாற்றிக்குத் தடை நீடித்தது.

1891இல் பந்தயமாகத் தோன்றி, இன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நெடும்பயணத்திற்கு 2019இலும் 2023இலும் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் சென்றனர். 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்திற்குள் முடித்தல் வேண்டும். சிறு சிறு குன்றுகளைக் கூட்டினால் ஏறும் உயரம் 10,000 மீட்டரைத் தாண்டிவிடும். இமயத்தின் உச்சியைவிட அதிகம். மேடென்று சொல்ல மேம்பாலங்களைத் தவிர வேறொன்றும் இல்லாத சென்னையில் பழகிய கால்களுக்கு அது எளிய கணக்கன்று.

பெண்கள் என்றதனால் புதுக்கோட்டையைச் சொல்லாமல் நகர இயலவில்லை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்துடன் மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. பல்லாயிரம் பெண்கள் கற்றனர். தண்ணீர்க் குடமும் பிள்ளையும் பின்னால் இருக்க, நேரத்தைத் தாமே வகுத்துக்கொண்டு அவர்கள் சென்றனர். விறலியின் நொந்த அடிகளுக்கு விடை சொன்ன நிகழ்ச்சி தமிழ்நாட்டில் உண்டு எனில் அது இதுவே.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதி தட்டையான நிலம். இங்கே மேடு என்றால் ஏரிக்கரையே. இயற்கை தராத குன்றை மண் சுமந்து மக்கள் ஆக்கினர். செம்பரம்பாக்கம் ஏரியில் நீரின் முழு ஆழம் 24 அடி. கரை அதனினும் உயரம். கீழிருந்து மிதித்து அதன்மேல் ஏறுவோருக்கு ஒருபுறம் கடல் போன்ற நீரும் மறுபுறம் ஆயக்கட்டு நிலமும் ஒரே கணத்தில் தோன்றும். மதகு, கலங்கல், வரத்துக்கால், உள்வாய், கரைப்பாதை என்னும் சொற்களெல்லாம் அந்த ஒரு மேட்டைச் சார்ந்து வாழ்பவை. பரல், முரம்பு, அதர் ஆகியவை நூலோடு நின்றுவிட்டன. இவையேனும் வாயில் வழங்குகின்றன. ஏரி போனால் இவையும் நூலுக்குள் போகும். முகப்பேரில் ஒரு குடியிருப்புக்கு 'ஏரித் திட்டம்' என்று பெயர். அங்கே ஏரியைத் தேடினால் முகவரியில் மட்டுமே கிடைக்கும். கரை தெருவாகிவிட்ட இடத்தில் கலங்கல் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு எதைக் காட்டிச் சொல்வது?

இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை 1856இல் திறக்கப்பெற்றது முதல் இந்த நிலம் சாளரக் காட்சியாகிவிட்டது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே திசையில் ஒரு கவிஞர் நடந்தார். திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் கண்ணொளி இழந்த சுந்தரர், வடதிருமுல்லைவாயிலை வழிபட்டு, திருவெண்பாக்கம் சென்று ஊன்றுகோல் பெற்றார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. யானையின் காலை முல்லைக்கொடி பற்றித் தொண்டைமானை நிறுத்திய தலம் முல்லைவாயில். இன்று அங்கிருந்து ஆவடி வழியாகத் திருநின்றவூரைக் கடந்து மேற்கே செல்ல வேண்டும். மனத்திலேயே கோயில் எழுப்பிய பூசலார் திருநின்றவூரினர். கோயிலை அவ்வாறு கட்டலாம், வழியை அவ்வாறு அறிய இயலாது. சுந்தரர் இந்நிலத்தைக் கண்ணால் அறியவில்லை. ஒவ்வொரு பரலையும் உள்ளங்காலால் எண்ணியே சென்றிருப்பார்.

திருவள்ளூருக்கு அப்பால் பூண்டி வரை மிதிவண்டியில் செல்லலாம். கொசத்தலையாற்றின் குறுக்கே 1944இல் நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய திருவெண்பாக்கம் நீரில் மூழ்கியது. இறைவனை இடம்பெயர்த்துப் பூண்டியில் எழுந்தருளச் செய்தனர். ஊன்றுகோல் பெற்ற இடத்துக்குச் செல்லும் பழைய வழி, கரையிலிருந்து நீருக்குள் இறங்குகிறது.